பாலேந்திரா அண்ணையின் அறுபத்துமூன்று ஆட்டங்கள்

பாலேந்திரா அண்ணை சாத்திரம் சொன்னால் அதற்கு நேரெதிராக நடந்துகொள்ளுங்கள், பிழைத்துக்கொள்வீர்கள். இது டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் உள்ள தமிழர் எல்லாருக்கும் தெரியும். அவர் நாள் பார்த்து எடுத்த கார் எட்டாம் நாள் நெடுஞ்சாலையில் படுத்துவிட்டது. அவர் நேரம் குறித்துப் பால் காய்ச்சிய வீட்டின் கூரை அந்த வாரமே ஒழுகியது. மனுசன் அசையவில்லை. கூரை போட்டவனின் நட்சத்திரம் சரியில்லையாம்.

நானும் அவரும் காற்றாலைப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் காலை முறை வேலை. ஒரே காரில் போய்வருவதால் அவருடைய சாத்திரம் முழுக்க என் காதில்தான் விழும். வேறு யாரும் கேட்பதில்லை.

அவருடைய மகள் துவாரகா மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். போன வருடம், ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் துஷாந்தனைக் கட்டப்போகிறேன் என்று சொன்னாள். மின்வேலை செய்கிற, நல்ல குணமான பெடியன். அண்ணை இரண்டு சாதகத்தையும் விரித்தார். "ரச்சுப் பொருத்தம் இல்லை. தாலி நிலைக்காது" என்று மூடிவைத்தார். ஆறு மாதம் வீட்டில் சண்டை.

அப்போதுதான் எங்கள் பொறியியலாளர் சுந்தர் ஒரு தாளோடு வந்தான். சென்னைக்காரன், அமெரிக்காவில் படித்தவன். அங்கே கல்லூரிகளுக்குள் ஒரு கூடைப்பந்துப் போட்டி; அறுபத்துநான்கு அணிகள், தோற்றால் வெளியே. முதல் ஆட்டம் தொடங்குமுன்பே அறுபத்துமூன்று ஆட்டங்களுக்கும் வெல்லப்போவது யார் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்க்கும் என்று சரியாகச் சொன்னால் புள்ளி கூட. அதிகப் புள்ளி எடுத்தவர்தான் மற்ற எல்லாருக்கும் கேக் வாங்கிவர வேண்டும். வென்றவனுக்கே தண்டனை கொடுக்கிற நாடு இது.

துவாரகா இதைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, சாத்திரம் பாத்து இதை நிரப்புங்கோ. நீங்கள் வெண்டால் நான் துஷாந்தனை விடுறன். தோத்தால் வாய் திறக்காமல் கலியாணத்துக்கு வரவேணும்."

பிள்ளைக்கு அப்பாவின் சாத்திரத்தில் அவ்வளவு நம்பிக்கை.

கல்லூரிக்கு ஏது பிறந்த நேரம்? பிறந்த நேரம் தெரியாத ஆளுக்குப் பெயரின் முதலெழுத்தை வைத்து நட்சத்திரம் சொல்வது நம்முடைய வழக்கம். அண்ணை அதைத்தான் செய்தார். லோகன்வில் கல்லூரி பரணி. நேல்சன்பர்க் அனுஷம். ஆட்டம் நடக்கும் நாளில் எந்த அணிக்குச் சந்திராஷ்டமமோ, அந்த அணிக்குத் தோல்வி. மூன்று நாள் காரில் இதே பாராயணம். ஆட்டம் அமெரிக்காவில், பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில், ஆள் டென்மார்க்கில். எந்த ஊர் நேரம் அண்ணை என்று கேட்டேன்.

"சந்திரன் ஒண்டுதானே?" என்றார்.

முதல் நாளே, கிண்ணம் தனக்குத்தான் என்று வந்த நேல்சன்பர்க் பெயர் தெரியாத ஒரு கல்லூரியிடம் மண் கவ்வியது. எங்கள் தொழிற்சாலையில் அதை எழுதியிருந்த ஒரே ஆள் அண்ணை. கணினியில் கணக்குப் போட்டு நிரப்பிய சுந்தரின் தாள் இரண்டாம் நாளே குப்பைக்குப் போனது. அடுத்த கிழமையும் அண்ணைக்கு ஒன்றுவிட்டு ஒன்று பலித்தது. கடைசி ஆட்டத்தில் லோகன்வில் வென்றால் அவர்தான் முதல் ஆள் என்று ஆனபோது, துவாரகா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

லோகன்வில் வென்றது. காலையில் செய்தியைப் பார்த்த மனுசன் வேலைக்குப் போகும் வழியெல்லாம் காரில் பாட்டுப் பாடினார்.

பின்னேரம் அவர் வீட்டில் நானும் இறங்கினேன். துவாரகா எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. "துஷாந்தனிட்டைச் சொல்லிப்போட்டன் அப்பா" என்றாள். "பேச்செண்டால் பேச்சுத்தானே."

அவள் சண்டை பிடித்திருந்தால் அவரும் பிடித்திருப்பார். அவள் சீனி போட்டுக் கலக்கினாள். அண்ணை போட்ட ஜாக்கெட்டோடு நின்றபடி அவளையே பார்த்தார்.

"கடைசி ஆட்டம் சாத்திரம் இல்லைப் பிள்ளை" என்றார். "எனக்குப் பிடிபடேல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைச்சனான்."

"உண்மையா?" என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

பரணி, பரணி என்று மூன்று நாள் கேட்ட காது என்னுடையது. "ஓம், நான் பக்கத்திலை இருந்தனான்" என்றேன். அவ்வளவு சுகமாக நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"அப்ப சாத்திரம் வெல்லேல்லை?"

"இல்லை. அந்தப் பெடியனுக்குப் போன் அடி" என்றார் அண்ணை.

அடுத்த நாள் இடைவேளையில் பெரிய கேக்கோடு வந்தார். டேனிஷ்காரர் எல்லாரும் மேசையைச் சூழ்ந்து நின்றார்கள். சுந்தர் அவர்களுக்காகவும் சேர்த்துக் கேட்டான். "உண்மையைச் சொல்லுங்க சார். எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

முப்பது வருடத்தில் அவரிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் துவாரகாவின் கடையில் மருந்து வாங்குகிறவர்கள். இங்கே சொல்வது பின்னேரமே அவள் காதுக்குப் போய்விடும். அண்ணை கேக் கத்தியைக் கையில் எடுத்தார்.

"ஒண்டுமில்லைத் தம்பி. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான்" என்று சொல்லிவிட்டு, அண்ணை குனிந்து கேக்கை வெட்டத் தொடங்கினார்.