இறந்தவரின் பாஸ்வேர்டு

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் பட்டாசு லேபிள் டிசைன்களை இணையத்தில் ஏற்றுவது அப்போது என் வேலை. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம், அதற்கு ஒரு பாஸ்வேர்டு. ஒருத்தர் டிசைன் இன்னொருத்தர் கண்ணில் பட்டால், சீசனுக்குள் வேறு கம்பெனிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பாஸ்வேர்டு எல்லாம் ஒரே கோப்பில் வரிசையாக இருந்தன. ஆள் பெருகியதும், யார் வந்தாலும் சர்வர் முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டு வந்தது. பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். நேராகப் பெயரைப் பிடிக்கும் டேட்டாபேஸுக்கு மாற்ற முடிவானது.

"ஆர்டர் இல்லாத ஆளு புதுசுல எதுக்குலே? விட்டுரு" என்றார் முதலாளி.

யாரை விடலாம் என்று, யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவைப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. வெடிவிபத்தில் இறந்துபோன சாத்தூர்க் கம்பெனிக்காரர் தினமும் காலையில் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தார்.

நான் தைரியசாலி. மானிட்டருக்கு விபூதி பூசினேன். பிறகு, திருடனாக இருந்தால் பேயைவிட மோசமாயிற்றே, முதலாளிக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சாத்தூர்க்காரர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான்தாண்ணே. பிரவுசிங் சென்டர்ல போயிப் பாக்கேன். மகளத் தூக்கி வச்சிட்டு நிக்காகல்ல, அந்த லேபிளு."

பிள்ளை படத்தை லேபிளில் போடுவது இங்கே வழக்கம். சாத்தூர்க்காரர் தானும் சேர்ந்து நின்றிருந்தார். அது அச்சுக்கே போகவில்லை.

"கிழிச்சுப் போட்டுத்தான வெடிப்பாக, பிள்ள மொகம் தெருவுல கெடக்கணுமான்னு வஞ்சேன். அதான் நிப்பாட்டிட்டாக."

"ஒண்ணே ஒண்ணு அச்சடிச்சுத் தந்துருதேம்மா. வீட்டுலயே வச்சுக்கோங்க."

"வேணாம்ணே. வீட்டுக்கு வந்தா மாலையப் போட்டுருவாக. அங்கனயே இருக்கட்டும்."

இறந்தவருடைய பாஸ்வேர்டு, யாரும் திருடாதபடி, கோப்பில் உருக்குலைத்த எழுத்துகளாக இருந்தது. என்னாலும் படிக்க முடியாது. அப்படியே தூக்கிப் புதியதில் முதல் ஆளாக வைத்தேன். முதலாளி கேட்டால், பெரிய ஆர்டர் வரப்போகிறது என்று புளுகுவதாக உத்தேசம். அவர் கேட்கவே இல்லை. அந்தப் பயத்தில் நான் மெலிந்ததுதான் மிச்சம்.

மறுநாள் அந்தம்மா போன் செய்தார். "பக்கம் தொறந்துட்டுண்ணே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்துக்குக் கீழே, வாடிக்கையாளர் சம்மதம் சொல்லும் ஓகே பட்டன் இருக்கிறது. அமுக்கினால் லேபிள் நேரே அச்சுக்குப் போய்விடும்.

"அம்மா, கீழ இருக்க பட்டன மட்டும் தொட்டுராதீக!" என்று கத்தினேன்.

"தெரியும்ணே," என்றார். "அத அவுகல்ல அமுக்கணும்."