அக்குளில் கட்டிய மல்லி

பெரியவளான நாளிலிருந்தே என் இடது அக்குளில் மெத்தென்று ஒரு மேடு உண்டு. மாதவிலக்குக்கு முன் வீங்கி வலிக்கும், பிறகு தானே அடங்கிவிடும். ஜாக்கெட் தைக்கும் அக்கா அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்த்தித் தருவார். கொழுப்பு என்று சொல்லிக்கொண்டு, பட்டுக் கடையில் நாள் முழுக்கக் கை தூக்கிப் புடவை பிரித்துக் காட்டினேன்.

பெண் குழந்தை பிறந்து மார்பில் பால் இறங்கியபோது அந்த மேடும் எலுமிச்சம்பழம்போல் திரண்டு கல்லாகிவிட்டது. கையை இறக்க முடியவில்லை. என் அம்மாவைக் கொண்டுபோனது மார்புப் புற்று. அம்மா இல்லாததால்தான் செவிலிமேட்டில் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். எனக்கும் அதேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து இடப்பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

குழந்தை பசியில் வீரிட்டதும் அத்தை வந்து என் கையைத் தூக்கிப் பார்த்தார். "பால்மா இது. கட்டிக்கினு இருக்குது" என்றவர், சாமிக்கு வாங்கிய மல்லிச் சரத்தை எடுத்து அக்குளில் வைத்துக் கட்டத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் வற்றுவதற்குத்தான் மார்பில் மல்லி கட்டுவார்கள். எங்கள் தெருவில் குழந்தை தவறிய ஒருத்திக்குக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

"எம் பொண்ணு உயிரோட இருக்குது அத்தை!" என்று கத்தினேன்.

"மார்லயாமா கட்டறேன்? அக்குள்லதான கட்டறேன்."

"அக்குள்ல யாருக்காவது பால் சுரக்குமா?"

கேட்டுவிட்டு அழுதேன். அம்மாவின் கட்டி, என் பயம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை உடனே ஆட்டோவுக்கு போன் போட்டார்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். பிறகு சிரித்தார்.

"இதுவும் மார்புதாம்மா. கருவில இருக்கும்போது எல்லாருக்கும் அக்குள்ல இருந்து தொடை இடுக்கு வரைக்கும் மார்பு வளரக்கூடிய ஒரு கோடு உண்டாகும். நெஞ்சுல உள்ளது தங்கும், மத்தது மறைஞ்சிடும். சிலருக்கு ஒரு துண்டு நின்னுடும். ஹார்மோன் மாறும்போது மார்பு வீங்குதுல்ல, அதோட சேர்ந்து இதுவும் வீங்கும். உனக்கு அங்க காம்பு இல்ல, பால் வெளிய வர வழியில்லாம தேங்கி நிக்குது. பிழியாத, குளிர்ந்த துணி வை, தானா வத்திடும். புற்று எதுவும் இல்ல. ரெண்டு பக்கமும் தாராளமா பால் குடு."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. பட்டம் வாங்காத குறைதான்.

அங்கேயே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து குழந்தையை இடப்பக்கம் போட்டேன். மறுத்து வைத்திருந்த பாலை அவள் ஆவேசமாகக் குடித்தாள். அக்குள் வலித்ததால் அத்தை என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"உங்க கை வலிக்கும், விடுங்க அத்தை."

"உங்கம்மா இருந்தா விடுவாங்களா? நீ குடுமா."

குழந்தை வயிறு நிறைந்து தூங்கும்வரை அவர் என் கையை இறக்கவே இல்லை.