முடி எடுக்கிற ஃபங்ஷன்

என் மகன் கனடாவில் சுமோ சாம்பியனாக இருந்தவன். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உண்மையாவோ?" என்று கேட்பார்கள். உண்மைதான். பகலில் மார்க்கம் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை, பின்னேரத்தில் இடுப்பில் ஒரு தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு தன்னைப் போலவே பருத்த ஆட்களைத் தள்ளி விழுத்துகிற வேலை. சில வருடங்கள் அவனுடைய எடைப் பிரிவில் அவனை விழுத்த இந்த நாட்டில் ஆள் இருக்கவில்லை. பிறகு முழங்காலில் சவ்வு கிழிந்தது. இனியும் இறங்கினால் ஒழுங்காக நடக்கமாட்டாய் என்று டாக்டர் சொல்ல, ஓய்வு பெறுவதென்று முடிவெடுத்தான்.

சுமோக்காரர் ஓய்வு பெறும்போது ஒரு சடங்கு உண்டு. வீரர் கதிரையில் அமர்ந்திருப்பார். வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்து நின்று அவருடைய குடுமியில் நாலு மயிரைக் கத்தரிப்பார்கள். கடைசி வெட்டு குருவினுடையது. அதோடு குடுமி கழன்று கையில் வந்துவிடும், அவரும் எங்களைப் போல ஒரு ஆளாகிவிடுவார். ஜப்பானில் இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்குத்தான் குடுமியும் சடங்கும். என் மகனைப் போல ஆசைக்கு விளையாடுகிறவர்களுக்கு இரண்டும் கிடையாது. ஆனால் இவன் முடி வளர்த்தான். அதற்கு எண்ணெய் ஊற்றி வளர்த்தது அவனுடைய அப்பா.

ஊற்றி என்றால் உண்மையாகவே ஊற்றித்தான். என் கணவர் வீடியோ பார்த்துக் குடுமி கட்டப் பழகினார். போட்டி நாட்களில் விடிய எழும்பி, குசினிக் கதிரையில் இந்த மலையை இருத்தி, சீப்பும் கையுமாகப் பின்னால் நிற்பார். "பொம்பிளைப் பிள்ளை இல்லாத குறை எனக்குத் தீர்ந்துபோச்சுது" என்பார். தேத்தண்ணி வைக்க இடம் விடாமல் இரண்டு பேரும் அடைத்துக்கொண்டு நிற்கிறார்களே என்று நான் கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

போன பங்குனியில் ஒரு காலை, கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றவர், அப்படியே விழுந்தார். அவ்வளவுதான். அம்புலன்ஸ் வந்தபோது சுரண்டி அவர் கையில்தான் இருந்தது.

கொள்ளி வைக்கிற பிள்ளை முடி எடுக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். இங்கே பலர் மீசையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அஜின்கோர்ட்டில் இருக்கும் என் மச்சாளிடம், அதாவது கணவரின் அக்காவிடம், அந்தச் சலுகையெல்லாம் நடக்காது. மொட்டை என்றால் மொட்டை. மகன், "ஏலாது மாமி" என்றான். அவ்வளவு சனத்துக்கும் நடுவில் மச்சாள், "தகப்பனை விட உனக்கு உந்தக் குடுமி பெரிசோ?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். காரணமும் சொல்லவில்லை. குடுமியோடுதான் கொள்ளி வைத்தான்.

நானும் பேசவில்லை. அவன் பக்கமும் இல்லை, மச்சாள் பக்கமும் இல்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ என்று இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. மனுசி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று பின்வரிசையில் குசுகுசுத்தார்கள். எனக்குக் கேட்டது. கோபம் வந்திருக்கவேண்டும், அதுவும் வரவில்லை. விறைப்பு நாலைந்து நாளில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. வேலைக்குப் போனேன், சமைத்தேன், தொலைக்காட்சியில் ஓடுவதைப் பார்த்தேன். வருடம் ஒன்று கிட்ட வந்துவிட்டது.

அப்போதுதான், தான் குடியிருக்கும் விட்பியிலிருந்து மகன் போன் எடுத்தான்.

"அம்மா, கிளப்பிலை எனக்கு ரிட்டயர்மென்ட் செரிமனி வைக்கினம். லாஸ்ட் கட் நீங்கள்தான்."

"அது உன்ரை கோச்சின்ரை வேலையெல்லே?"

"கோச் அதை அப்பாவுக்கு எண்டு வைச்சிருந்தவர். இப்ப நீங்கள்தான் வெட்டவேணும். ப்ளீஸ் அம்மா."

அந்த வருடம் முழுக்க அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஓம் என்றேன். போனை வைத்த பிறகு பயம் பிடித்தது. கோப்பை கழுவுகிற மாதிரி நான் அதையும் வெட்டிவிட்டு வந்துவிடுவேன், வெட்டும்போதும் எனக்கு ஒன்றும் தோன்றாது, அதை என் பிள்ளை கண்டுபிடித்துவிடுவான். தகப்பனுக்கு அழாத தாய் தனக்கும் அழமாட்டாள் என்று அவனுக்கு அன்று தெரிந்துவிடும். இதைத் தவிர வேறு எதற்கும் நான் அப்போது பயப்படவில்லை.

மச்சாளையும் நானே காரில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். அவன் அழைத்தால் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். போய் ஹோர்ன் அடித்தால், வெள்ளைச் சேலையும் விபூதியுமாக வாசலில் ஆயத்தமாக நிற்கிறார். கையில் ஒரு பை. பைக்குள் புதுச் சவரக்கத்தி, மஞ்சள், சந்தனம், ஒரு வேட்டி.

"இப்பவாவது உவனுக்குப் புத்தி வந்துதே" என்றார் பெல்டைப் போட்டுக்கொண்டே. "'மாமி, முடி எடுக்கிற ஃபங்ஷன், வாங்கோ' எண்டு தானே போன் எடுத்துச் சொன்னவன். ஆண்டுத் திவசத்துக்கு முன்னமாவது எடுக்கிறானே. என்ரை தம்பிக்கு அது போதும்."

எனக்கு விளங்கிவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைக்கு முடி வெட்டுவதும் முடி எடுப்பதும் ஒன்றுதான். அவன் தனக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டிருக்கிறான், அவர் தனக்குத் தெரிந்த தமிழில் வெளிக்கிட்டு வந்திருக்கிறார். சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வாய் திறக்கவேண்டும், அவருடைய முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும், சமாதானம் சொல்லவேண்டும். எல்லாமே அலுப்பாக இருந்தது. காரை ஓட்டினேன்.

சடங்கு ஒரு பள்ளிக்கூட ஜிம்மில். பாஸ்கெட்போல் வளையத்துக்குக் கீழே பாய் விரித்துச் சுமோ வட்டம் போட்டிருந்தார்கள். சுவரோரமாகக் கோப்பியும் டோனட்டும். மகன் கறுப்பு ஜப்பானிய உடுப்பில், கோயில் தூண் மாதிரி நின்றான். மச்சாள் சுற்றுமுற்றும் பார்த்து, "ஐயர் எங்கை?" என்றார். அந்த நேரம் பார்த்துக் கோச் வந்தார். நரைத்த தலை, மெலிந்த ஜப்பானிய மனிதர். எங்களைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்தார். இவர்தான் ஐயர் என்று முடிவுகட்டிய மச்சாள் பையை அவரிடம் நீட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, இன்னொரு தரம் குனிந்து, கொண்டுபோய்ப் பரிசு மேசையில் மற்றப் பொதிகளோடு பக்குவமாக வைத்தார்.

மகன் ஓடிவந்தான். "மாமி, இது ஷேவ் இல்லை. குடுமி மட்டும்தான் வெட்டுவினம். பிறகு ஸ்டைலாக் கட் பண்ணிவிடுவினம்."

மச்சாளின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப என்னத்துக்கடா என்னைக் கூப்பிட்டனீ?"

"நீங்கள் அப்பான்ரை அக்கா. நீங்களும் வெட்டவேணும்."

மச்சாள் போய் ஒரு கதிரையில் இருந்தார். எழும்பிப் போய்விடுவார் என்று பார்த்தேன், போகவில்லை.

பழைய வழக்கப்படி பெண்கள் சுமோ வட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாதாம். அதனால் நாங்களும் வெட்டக்கூடியதாகக் கதிரையை வட்டத்துக்கு வெளியே, வெறும் தரையில் போட்டிருப்பதாகக் கோச் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். மூலஸ்தானத்துக்கு வெளியே நின்றே பழகிய எனக்கு இதில் என்ன புதினம் என்று நினைத்துக்கொண்டேன். மகன் போய் அமர்ந்தான். சடங்கு முடியும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவனோடு விளையாடியவர்கள், அவனிடம் தோற்றவர்கள், அலுவலகத்து ஆட்கள் என்று வரிசையாக வந்து, குனிந்து, நாலு மயிர் வெட்டி, தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். எல்லாரும் மெல்லிய சத்தத்தில் கைதட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சாளின் பெயரை ஒருவர் கடித்துத் துப்பி வாசித்தார். அவர் எழும்பி நடந்து போனார். கத்தரிக்கோலை வாங்கவில்லை. அவனுடைய தலையில் கையை வைத்தார், வைத்தபடியே நின்றார். பிறகு, "என்ரை தம்பீ" என்று ஒரு குரல் எடுத்தார். "இந்தத் தலையைத் தானே ராசா வாரி வாரிக் கட்டினாய்" என்று செத்தவீட்டில் அழுகிற மாதிரியே, நெஞ்சில் அடித்து அழுதார். ஜிம்முக்குள் அந்தக் குரல் முட்டி மோதித் திரும்பி வந்தது. கைதட்டல் நின்றது. இதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ, கோச் குனிந்தார். அவரைப் பார்த்து அங்கிருந்த எல்லாரும் குனிந்தார்கள்.

எனக்கு மச்சாள் மேல் பொறாமையாக இருந்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், பொறாமைதான். அவ்வளவு அழுகை அவருக்கு இருந்தது.

மகன் திரும்பாமலே அவருடைய கையைப் பிடித்தான். "மாமி, கொள்ளி வைச்ச அண்டைக்கு இருந்த கட்டு, அப்பா சாகிறதுக்கு முதல்நாள் கட்டினது. அதை அவிழ்க்க எனக்கு மனம் வரேல்லை" என்றான். எனக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னான். மச்சாள், "அதை அண்டைக்கே சொல்லுறதுக்கு என்னடா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு ஏசினார். பிறகு கத்தரிக்கோலை வாங்கி ஒரு மயிரை மட்டும் வெட்டினார்.

அடுத்தது என் முறை. கோச் கத்தரிக்கோலைத் தந்துவிட்டு, எங்கே வெட்டவேண்டும் என்று விரலால் காட்டினார். குடுமி அரைவாசி அறுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இன்று யார் கட்டிவிட்டார்களோ, அவ்வளவு சரியில்லை, ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. அவர் கட்டினால் இப்படித் தளராது என்று நினைத்தேன். இடது கையால் பிடித்துக்கொண்டு வெட்டினேன். நினைத்ததை விடத் தடிப்பாக இருந்தது. நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. இரண்டாம் தரம் அழுத்தினேன், மூன்றாம் தரம் அழுத்தினேன். சட்டென்று என் இடது கை பாரமானது.

"போயிட்டுதா, அம்மா?" என்று அவன் முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

போயிட்டுது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஓம், ராசா" என்றேன். "போயிட்டார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மகன் திரும்பினான். திரும்பக்கூடாது என்று சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு கதிரையில் முழுதாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். என் முகம் எப்படிக் கிடந்ததோ தெரியாது. நான் அதை மூடவில்லை, பார்க்கட்டும் என்று நின்றேன்.