பஸ் ஸ்டாப் பக்கத்து வாசல்

அந்தக் கடை வளாகத்தின் நடு முற்றத்தைப் பார்த்தாற்போல் தையல்காரம்மாவின் கடை. பெட்டி மாதிரி சின்னக் கடைதான். ஒரு மிஷின், ஒரு இஸ்திரி மேஜை, கொக்கியில் தொங்கும் துணிகள், இவ்வளவுதான் கொள்ளும். வெளிச்சம் இடது பக்கமிருந்து நன்றாக வருகிறது. ஆனால் அம்மா மிஷினை வெளிச்சத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருக்கிறார். ஊசியில் நூல் கோக்க ஒவ்வொரு முறையும் எழுந்து திரும்ப வேண்டியிருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள், "இப்படிப் போட்டா கண்ணு என்னத்துக்கு ஆகும்மா?" என்பார்கள்.

"எனக்கு இப்படித்தான் சௌகரியம்" என்பார் அம்மா. விஷயம் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

இந்தக் கட்டடம் வருவதற்கு முன்னால் இங்கே இருந்தது தகரக் கூரை போட்ட ஒரு சந்து. இரண்டு பக்கமும் கடைகள். ஒரு முனையில்தான் வழி, மறுமுனையில் சுவர். மழை பெய்தால் ஒழுகும், வெயில் அடித்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அங்கேதான் அம்மா வெகுகாலம் தைத்தார். கிழிசல் தைப்பது, நீளம் குறைப்பது, இடுப்பைப் பெருக்குவது. "பெருக்கத்தான் எல்லாரும் வர்றாங்க. இடுப்பைக் குறைக்கச் சொல்லி யாராவது வந்தா எழுந்து நின்னு கும்பிடலாம்" என்று சிரிப்பார்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே ஞாபகம் நழுவத் தொடங்கியது. முதலில் சாமான் வைத்த இடம் மறந்தது, பிறகு வீட்டுக்கு வரும் வழி, பிறகு பெற்ற மகளின் பெயர். ஆனால் வேலையில் பேசிய பேச்சு மட்டும் போகவில்லை. அதை ஆண்டவன் ஏனோ விட்டுவைத்தான். மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். அவரை வீட்டில் தனியாக விட முடியாது. அதனால் அம்மா காலையில் கையோடு கடைக்குக் கூட்டி வந்துவிடுவார்.

மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார் கண்டக்டர். திடீரென்று மனைவியைப் பார்த்து மரியாதையாகக் கேட்பார்: "எங்க இறங்கணும்மா?"

"கடைசி ஸ்டாப்புங்க."

"அப்ப சாஞ்சு உக்காருங்க. இன்னும் நேரமிருக்கு."

முதல் தடவை அப்படிக் கேட்டபோது அம்மா துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பிறகு பழகிவிட்டது. பழகினது மட்டுமில்லை, அதைக் கேட்காத நாளில் கை வேலையே ஓடாது.

சந்தின் வாயில், மாற்றுச் சாவி செய்துகொடுக்கும் சாவிக்காரர் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் எழுந்து வெளியே நடந்தால் சாவிக்காரரைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் விடமாட்டார். "கண்டக்டரே, டிரைவர் இன்னும் டீ குடிக்கிறாரு. வண்டி எடுக்க நேரமாகும். உள்ள போய் உக்காருங்க" என்பார். "இந்த டிரைவருக்கு எப்பவும் இதே வேலை" என்று முணுமுணுத்துக்கொண்டு கண்டக்டர் திரும்பிவிடுவார். அந்தச் சந்து அம்மாவுக்குக் காவலாக இருந்தது. இருந்தவரைக்கும் அது அவருக்குத் தெரியவில்லை.

சந்தை இடித்துப் பெரிய கட்டடம் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது இனி எங்கே போவது என்று எல்லாரும் பயந்தார்கள். ஆனால் கட்டடத்துக்குப் பிளான் படம் போடுகிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். எல்லாரும் அவளை 'பிளான் பொண்ணு' என்று கூப்பிட்டார்கள். நல்ல பெண். கடை கடையாக வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். பழைய கடைக்காரர்கள் எல்லாருக்கும் புதுக் கட்டடத்தில் இடம் உண்டு என்றாள். நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் படிகள், மரங்கள், குடிக்கத் தண்ணீர், கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு மறைவான அறை. ஒன்றும் வாங்காதவர்களும் வந்து உட்காரலாம், யாரும் எழுப்பக்கூடாது.

ஒரு நாள் அட்டையில் செய்த கட்டடத்தை மேஜைமேல் வைத்துக் கூட்டம் போட்டாள். சின்னச் சின்னப் படிகள், விரல்நுனி அளவு மனிதர்கள். அம்மா ஆசையாகக் குனிந்து பார்த்தார். மூன்று பக்கம் வாசல் இருந்தது. பஸ் ஸ்டாப் இருக்கும் பக்கம் சுவர்.

"எனக்குக் கடை முற்றத்தைப் பார்த்த மாதிரி வேணும்மா. இவரு படியில உக்காந்தா நான் தைச்சுக்கிட்டே பார்த்துக்குவேன்" என்றார் அம்மா.

"கண்டிப்பா தர்றேன்மா. வேற?"

அம்மா தயங்கித் தயங்கிச் சுவரைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கமும் ஒரு வாசல் வைக்கக் கூடாதா? பஸ்ஸை விட்டு இறங்கறவங்க, வயசானவங்க, பை தூக்கிட்டு வர்றவங்க, இத்தனை தூரம் சுத்திக்கிட்டா வரணும்? இறங்கினா நேரா உள்ள வந்து உக்காரணும்."

பிளான் பொண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது ஏம்மா எனக்குத் தோணலை?" என்று அங்கேயே கத்தியால் அட்டையை வெட்டி வழி திறந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

சாவிக்காரர் மட்டும், "நாலு பக்கமும் வாசல்னா நான் எந்த வாசல்ல உக்காந்து கண்டக்டரை மடக்கறது?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

கட்டடம் வந்தது. சொன்னபடியே வந்தது, அதுவே பெரிய விஷயம். முற்றம் எந்நேரமும் நிறைந்திருந்தது. படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தார்கள். வீட்டில் பேச்சுத்துணை இல்லாத கிழவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் புது வாசல் வழியாக நேராக உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, பெருமூச்சு விட்டுப் படியில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "நம்மால ஒரு நல்லது நடந்துச்சு, ஆண்டவா" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

கண்டக்டருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. இத்தனை படி, இத்தனை ஜனம்! "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள இடமிருக்கு" என்று சத்தம் போட்டு எல்லாரையும் நெருக்கி உட்காரவைப்பார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டு டிக்கெட் குடுங்க கண்டக்டரே" என்று பிள்ளைகள் கை நீட்டும். வெறுங்கையில் எதையோ கிழித்துக் கொடுப்பார்.

ஒருநாள் கேட்டார்: "என் யூனிபார்ம் எங்கம்மா? யூனிபார்ம் இல்லாம வண்டியில நின்னா மேலதிகாரி திட்டுவாரு."

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. காக்கித் துணி வாங்கி, இரண்டு பக்கமும் பை வைத்து, பழைய அளவிலேயே ஒரு சட்டை தைத்தார். அவருடைய சட்டை ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டிக்கு உள்ளேயும் கடையின் விலாசத்தை நூலில் தைத்துவைப்பது அம்மாவின் வழக்கம். காக்கிச் சட்டைக்குச் சாயங்காலம் தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பித்தான் கட்டி முடிப்பதற்குள் அவர் குழந்தை மாதிரி கை நீட்டிவிட்டார். அம்மா போட்டுவிட்டார். சட்டையை நீவிவிட்டுப் பார்த்தபோது, பெண் பார்க்க வந்த அன்றைய முகம் அப்படியே இருந்தது.

அன்று ஒரு பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார் அம்மா. அளவு நாடாவைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தால் படியில் அவர் இல்லை.

வாசல் பக்கம் ஜூஸ் கடை வைத்திருந்த பெண் அப்பாவியாகச் சொன்னாள்: "பஸ் வந்துச்சும்மா. எல்லாரையும் வரிசையா ஏத்திவிட்டாரு. அப்புறம் அவரும் ஏறிட்டாரு. சிரிச்சுக்கிட்டே என்னைப் பார்த்து 'ரைட்'டுன்னாரு. நானும் கை காட்டினேன். விளையாட்டுன்னு நினைச்சுட்டேன்மா."

அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினார். அடுத்த பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி, ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போனார். அவர் ஏறிப்போன வண்டி அங்கே நின்றிருந்தது. அதன் கண்டக்டர் சின்ன வயசுக்காரர். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "காக்கிச் சட்டையைப் பார்த்து நம்ம ஆளுன்னு நினைச்சேம்மா. கூட்டத்தை ஒழுங்கு பண்ணி உள்ள அனுப்பினாரு. கடைசி ஸ்டாப்ல இறங்கி, வேற வண்டியில ஏறினதைப் பார்த்தேன். எந்த வண்டின்னு பார்க்கலையே."

எந்தப் பஸ்ஸிலும் அவரை யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். டிக்கெட்டும் கேட்டிருக்கமாட்டார்கள். போலீஸில் சொன்னார்கள், டிப்போ டிப்போவாகப் போனார்கள், ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள். சாவிக்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கண்டக்டரின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். மகள் வந்தாள். அழுது ஓய்ந்தபிறகு, "அந்த வாசலை நீயாம்மா கேட்டு வாங்கின?" என்றாள். கண்டக்டர் கிடைக்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. கடைக்காரர்கள் கூடிப் பேசி, பஸ் ஸ்டாப் பக்கத்து வாசலை அடைத்துவிடலாம் என்று முடிவெடுக்கப் பார்த்தார்கள். எல்லாம் அம்மாவை நினைத்துத்தான். அந்த அம்மா தினமும் எப்படி அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்? பிளான் பொண்ணையும் வரவழைத்தார்கள். அவள் இளைத்துப்போயிருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யோசிச்சிருக்கணும்மா. உள்ள வர்றவங்களையே நினைச்சுட்டேன்" என்று அழுதாள்.

"நானுந்தான் கண்ணு அப்படி நினைச்சேன். அழாதே."

"அடைச்சிடலாம்மா. ஒரே நாள் வேலை."

பஸ் ஒன்று வந்து நின்றது. கைக்குழந்தையோடு ஒருத்தி இறங்கி, வாசல் வழியாக உள்ளே வந்து, தண்ணீர் பிடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா. அவரு அந்த வழியாத்தான் போனாரு. வந்தாலும் அந்த வழியாத்தான் வருவாரு. வேற வாசல் அவருக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி இங்க சுவரைப் பார்த்தா, இடம் மாறி இறங்கிட்டோம்னு மறுபடியும் ஏறிடுவாரு."

சாவிக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாளிலிருந்து தன் சாவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த வாசலில்தான் உட்கார்ந்தார். இனி அவர் மடக்கவேண்டிய ஆள் யாரும் உள்ளே இல்லை. இருந்தாலும் உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் அம்மா மிஷினை அந்த வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்.

இப்போதும் பஸ் வரும் சத்தம் கேட்டால் மிதியில் இருக்கும் கால் நின்றுவிடும். இறங்குகிறவர்கள் எல்லாரும் உள்ளே வந்து உட்காரும்வரைக்கும் பார்ப்பார். பிறகு, "ஆண்டவா, எங்கேயாவது சாஞ்சு உக்கார ஒரு இடம் கொடுத்திரு அவருக்கு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தைப்பார்.