பாயின் பிளேயரில் மட்டும் சரியாக ஓடும் தட்டு

ஜாஃபர் பாய் இறந்த செய்தி எனக்குக் குரல் பதிவாக வந்தது. அனுப்பியவன் டில்லி. மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறான். எழுத்துத் தட்டிக்கொண்டிருக்க அவனுக்குப் பொறுமை கிடையாது, எதுவானாலும் பேசித்தான் அனுப்புவான். அலுவலகத்தில் காலைக் கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் கேட்டேன். கம்பெனி பஸ்ஸின் இரைச்சல், யாரோ சிரிக்கும் சத்தம், ஹார்ன், அதற்குள் அவன் குரல்: "யக்கா... பாய் பூட்டாருக்கா." அதன் பிறகு வெறும் பஸ் சத்தம். நிறுத்த மறந்துவிட்டான் போலிருக்கிறது, பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கூட்டத்துக்குப் போகவில்லை.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு பாயை அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ, காதுகுத்துக்கோ, தெருமுனைக் கூட்டத்துக்கோ மைக் செட் போட்டவர் அவராகத்தான் இருப்பார். காதுக்குப் பின்னால் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, பேசுகிறவர் யார் என்றே பார்க்காமல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரையே பார்த்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய அத்தா, அதாவது அப்பா காலத்திலிருந்து பஜார் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்திய குடும்பம். பாய்க்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் செங்கல்பட்டிலும் சுற்று வட்டாரத்திலும் கிதாரைத் தூக்கிக்கொண்டு அலைந்த எங்களைப் போன்ற குழுக்கள் அத்தனையையும் ஒரே இசைத்தட்டில் சேர்த்தவர் அவர். இந்தத் தாள் அந்தத் தட்டின் உறைக்குள் இருக்கும். அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். தட்டைப் பற்றியும் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து ஆராய்ச்சி வேலைக்கு வந்தவர். நான் வளர்ந்தது கல்பாக்கம் நகரியத்தில். எங்கள் குழுவின் பெயர் 'துரு'. உப்புக்காற்றில் குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பிகள் உதிர்வதைப் பார்த்து வைத்த பெயர். நான் பேஸ் கிதார் வாசித்துப் பாடுவேன். ஒரு பொங்கல் விழாவில் எங்களை மேடையேற்றினார்கள். பரதநாட்டியத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவில். இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது ஒரு பெரியவர் மிக்ஸர் பக்கம் போய் அணைக்கச் சொன்னார். பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சார், மைக்கு புரோகிராம் முடியற வரிக்கும் பேசினது. இன்னும் முடியலியே" என்றார். சொல்லிவிட்டு என் பேஸைக் கொஞ்சம் ஏற்றினார். கீழே இறங்கி நன்றி சொல்லப் போனேன். "இன்னாம்மா இது, பாட்டா, பஞ்சாயத்தா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "பிடிக்கலைன்னா ஏன் விட்டீங்க?" என்றேன். "புடிக்கலன்னு யார் சொன்னா? பஞ்சாயத்துன்னா முழுசா கேக்கணுமில்ல?"

அந்தப் பஞ்சாயத்துக்குப் பெயர் போஸ்ட்-பங்க். கோபத்தை வைத்துக்கொண்டு கத்தலை மட்டும் குறைத்து, பேஸை முன்னால் நடக்கவிட்டு, கிதாரைப் பின்னால் நின்று சுரண்டவிட்டால் கிடைப்பது. பெயர் எங்கிருந்தோ வந்ததுதான். ஆனால் மூன்று ஷிஃப்ட் ஓடுகிற ஊருக்கு அந்தத் தாளம் நன்றாகவே பொருந்தியது. டில்லியின் குழுவுக்கு 'பி ஷிஃப்ட்' என்று பெயர். தகடு அடிக்கும் மெஷின் எந்தத் தாளத்தில் அடிக்குமோ அதே தாளத்தில்தான் அவர்களுடைய டிரம்ஸ் அடிக்கும். மதுராந்தகத்துப் பையன்கள் 'மதகு' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு குழு, பாடுவதற்குள் இரண்டு முறை உடைந்து சேர்ந்தது. எல்லோரும் ஒத்திகை பார்த்தது பாயின் குடோனில், குழாய் ஸ்பீக்கர்களுக்கும் சீரியல் லைட்டு மூட்டைகளுக்கும் நடுவே. அங்கே ஒரே ஒரு சட்டம்தான். போகும்போது ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். அவசரத்தில் யாராவது முழங்கையில் போட்டுச் சுற்றினால் பாய்க்கு உடம்பே வலித்துவிடும். "டேய், முறுக்காத. அதுக்கும் நரம்பு கீதுடா" என்று கத்துவார்.

அவருக்கு ரேடியோ என்றாலே ஆகாது. டீக்கடையில் பழைய பாட்டு ஓடினால் முகத்தைச் சுளிப்பார். "இன்னாமா இழுக்கறானுங்க பாரு. எங்க கடைல இதே பாட்டு எப்டி விறுவிறுன்னு ஓடும் தெரியுமா?" அவருடைய அத்தா கல்யாண வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போன ரிக்கார்டு பிளேயர் ஒன்று கடையில் இருந்தது. சின்ன வயதில் பாய் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதில்தான் கேட்டார். "ஊர்ல இருக்கிற ரேடியோ எல்லாம் தப்பு, உங்க மிஷின் மட்டும் கரெக்டா பாய்?" என்று டில்லி சீண்டுவான். "ஆமாண்டா" என்பார், டீயை உறிஞ்சிக்கொண்டே. நாங்கள் சிரிப்போம். அது இத்தனை பெரிய விஷயம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

பிறகு குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. சண்டை எல்லாம் ஒன்றும் இல்லை. கல்யாணம், காண்ட்ராக்ட் முடிந்தது, பெங்களூரில் வேலை, இப்படித்தான். எங்கள் 'துரு'வும் அப்படியே உதிர்ந்தது. பாய் மட்டும் குடோனில் பதிந்து வைத்ததையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு நாள் கூப்பிட்டு, எல்லாவற்றையும் தட்டாகப் போடப் போகிறேன் என்றார். இந்தக் காலத்தில் தட்டை யார் வாங்குவார்கள், இணையத்தில் ஏற்றிவிடலாமே என்றேன். "ஃபோன்ல போட்டா பஸ்ல போய்கினே கேப்பான், பாதில இன்னொண்ணுக்குத் தாவிடுவான். தட்டுன்னா ஒக்காந்து கேக்கணும். ஒரு பக்கம் முடிஞ்சா எழுந்து வந்து திருப்பிப் போடணும். உங்க பாட்டுக்கு ஒருத்தனாவது எழுந்து வரணும்மா." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பிளக்கை முடுக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வெறும் அமைதி வேண்டாம், கடல் சத்தம் வேண்டும் என்று பிடிவாதம். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனார். டச்சுக் கோட்டைக்குப் பின்னால் மைக்கை நட்டால் காற்றுதான் பதிவானது, கடல் பதியவில்லை. தோளில் கிடந்த துண்டை மைக்கில் சுற்றி, மணலில் மல்லாந்து படுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணாத்தைக்கு உடம்பு சரியில்லியா?" என்று மெல்லக் கேட்டார். நான் சிரித்தேன். அப்போதே உடம்பு சரியில்லாமல்தான் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை மனிதர்.

சிறுநீரகம். டயாலிசிஸ் தொடங்கியபோது தட்டு வேலை பாதியில் நின்றது. பிறகு அச்சிடும் கம்பெனியிலிருந்து மாதிரித் தட்டு ஒன்று வந்தது. அதைக் கேட்டுச் சரியென்றால்தான் மற்றதை அச்சிடுவார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றே போட்டுக் கேட்டிருக்கிறார். மறுநாள் என்னை அழைத்தார். குரலில் தெம்பே இல்லை. ஆனால் கோபம் மட்டும் பழைய கோபம். "விஜி, தட்டு வேகமா ஓடுதும்மா. டில்லி கொரலு பொம்பள கொரலாட்டம் கீது. கெடுத்துட்டானுங்க." நான் வந்து ஒருமுறை கேட்கிறேன் என்றேன். "நீ வேலையப் பாரு. நான் கேட்டுட்டேன், சொல்லியும் அனுப்பிட்டேன். கொஞ்சம் கொறைச்சுப் போடுன்னு." அதற்குமேல் பேச மூச்சு இல்லை. இறைவன் நாடினால் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அவரிடம் பேசியது அதுதான் கடைசி.

அவர் மௌத்தானதைப் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தார்கள். அந்த மைக் செட் அவர் போட்டது. ஒரு கரகரப்பு இல்லை, ஒரு கூவல் இல்லை, அவர் பெயர் தெருவெல்லாம் அவ்வளவு தெளிவாகக் கேட்டதாம். டில்லிதான் சொன்னான். ஆண்கள் எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் அவர் மனைவி மும்தாஜ் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. அத்தனை பாட்டு எழுதி என்ன புண்ணியம்?

சில வாரங்கள் கழித்துப் பெட்டிகள் வந்தன. உறையில் எல்லாக் குழுக்களின் பெயர்களும் இருந்தன. அவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து போட்டேன். முதல் பாட்டிலிருந்தே எல்லாம் மெதுவாக ஓடியது. டில்லி தூக்கத்தில் பாடினான். என் குரல் காய்ச்சல்காரியின் குரலாகக் கனத்திருந்தது. நடுவில் வருகிற கடல்கூட அலையைத் தூக்க முடியாமல் தூக்கியது. ஆத்திரத்தோடு கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். அவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். மாதிரித் தட்டு சரியான வேகத்தில்தான் இருந்தது, உங்கள் ஆள்தான் குறைக்கச் சொன்னார், நிச்சயமா என்று திருப்பிக் கேட்டோம், நிச்சயம் என்றார். என்னால் நம்பவே முடியவில்லை. ஒரு மூலையில் ஒரு ஸ்பீக்கர் இருமினாலும் கண்டுபிடிக்கிற காது அது.

டில்லியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். மும்தாஜ் அக்கா ஷட்டரைத் திறந்துவிட்டார். பாயின் பிளேயரில் தட்டைப் போட்டோம். சரியாக ஓடியது. அத்தனையும் சரி. டிரம்ஸ் மெஷின் மாதிரி அடித்தது, கடல் கடலாக வந்தது, என் குரல் என்னுடையதாக இருந்தது. டில்லி வாயைப் பொத்திக்கொண்டான். "இதான்க்கா. இதான் நாம" என்றான். பக்கம் முடிந்ததும் எழுந்துபோய் அவனே திருப்பிப் போட்டான்.

கேட்டு முடித்ததும் பிளேயரில் தட்டைத் தாங்கிச் சுழலும் வட்டத்தைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே மோட்டார் தண்டில் கருப்பு டேப் சுற்றியிருந்தது, இறுகிப்போய், பளபளவென்று. தண்டு தடிமனாக இருந்தால் பெல்ட் வேகமாக ஓடும், தட்டும் வேகமாகச் சுற்றும். டில்லி நகத்தை வைத்தான். "கைய வைக்காத" என்றார் மும்தாஜ் அக்கா. "அது எங்க மாமனார் சுத்துனது. அப்பல்லாம் கல்யாண வூட்ல சீரியல் லைட்டு போட்டா கரண்டு டல்லாயிடும், ரிக்கார்டு இழுக்கும். அதுக்குன்னு சுத்துனாரு."

இப்போது அந்த மாதிரி மின்சாரம் இறங்குவதில்லை. டேப் மட்டும் அப்படியே இருந்தது. பாய் வாழ்நாளெல்லாம் பாட்டுகளைக் கொஞ்சம் வேகமாகவே கேட்டிருக்கிறார். மாதிரித் தட்டு வேகமாக ஓடுகிறது என்று அவர் காது சொன்னது பொய்யில்லை. அந்த மெஷினில் அது வேகமாகத்தான் ஓடியது. எந்த மெஷினையும் சந்தேகப்படுகிறவர், இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

"நான் சொன்னேன்" என்றார் மும்தாஜ் அக்கா. "ஒக்கார முடியாம செவுத்துல சாஞ்சுகினு கேட்டாரு. வேகமா கீது, வேகமா கீதுன்னு பொலம்புனாரு. ஏங்க, மிஷினு பழசாச்சே, அதுதான் தப்பா ஓடுதோ என்னவோன்னு கேட்டேன். எங்க அத்தா மிஷினு தப்பா ஓடாதுன்னுட்டாரு." அதுவரை அழாமல் இருந்தவர் அப்போதுதான் அழுதார். நானும் டேப்பைப் பார்த்தபடி நின்று அழுதேன்.

புதிதாக அச்சிடச் சொன்னால் கம்பெனி தயார். முதலில் நானும் அதைத்தான் நினைத்தேன். ஒருமுறையாவது எங்கள் பாட்டு சரியாகக் கேட்கப்பட வேண்டும் என்றுதானே அந்த மனிதர் இத்தனை பாடுபட்டார்? மும்தாஜ் அக்காவும் அதையே சொன்னார்: "தப்புன்னு தெரிஞ்சா அவரே மொதல்ல மாத்திருப்பாரு. மாத்திக்குங்க." முடியாது என்றவன் டில்லிதான். "வேணாங்க்கா. செவுத்துல சாஞ்சுகினு கேட்டாராமே. அத்த எப்டிக்கா அழிக்கறது?" கம்பெனிக்கு ஃபோன் செய்து, புதிதாக அச்சிட வேண்டாம் என்று சொன்னேன்.

அதனால் தட்டு இப்படியே வெளிவருகிறது. உங்கள் வீட்டில் போட்டால் நாங்கள் எல்லோரும் மெதுவாகத்தான் பாடுவோம். உங்கள் பிளேயரில் குறை இல்லை, பழுது பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். சரியாகக் கேட்க வேண்டுமென்றால் தட்டை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு வாருங்கள். மும்தாஜ் அக்கா காலையில் கடையைத் திறந்து வைத்திருப்பார். உட்கார்ந்து கேளுங்கள், எழுந்துபோய்த் திருப்பிப் போடுங்கள். டேப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்த மாதிரித் தட்டை அக்கா எனக்குக் கொடுத்துவிட்டார். என் வீட்டுப் பிளேயரில் அது அப்பழுக்கில்லாமல் ஓடும். நான் அதைப் போடுவதில்லை. மெதுவாக ஓடுவதைத்தான் போடுகிறேன். ஒயரை முழங்கையில் சுற்றுவதையும் விட்டுவிட்டேன். பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான். உயிரோடு இருந்து, இப்படித் தப்பான வேகத்தில் தட்டைக் கடைக்கு அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால், எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துத் திட்டுவார். திட்டட்டும். வந்து திட்டட்டும்.