சுனையில் இறங்கிய பல் டாக்டர்

டாக்டர் வில்பெர்த் செட்டினாவிடம் நான் உதவியாளராகச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. மெரிதா நகரத்தில் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய பல் மருத்துவமனை. ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்க் காசு வாங்காமல் பல் பார்ப்போம். அவர், நான், வேன் ஓட்டும் எர்மிலோ, மூன்றே பேர். சனிக்கிழமை முழுக்கப் பல். ஞாயிற்றுக்கிழமை எங்களுடையது. பக்கத்தில் பழைய மாயா மக்கள் கட்டிய கோயில் இடிபாடு ஏதாவது இருந்தால் சுற்றிப் பார்த்துவிட்டு, சுனை இருந்தால் குதித்துக் குளித்துவிட்டு ஊர் திரும்புவோம்.

இடிபாடு என்றால் டாக்டருக்கு உயிர். புல் மூடிக் கிடக்கும் வெறும் கல்மேட்டைக்கூட விடமாட்டார். மண்டி போட்டு உட்கார்ந்து பழைய சுண்ணாம்புப் பூச்சை விரலால் தடவுவார். "இங்க பாரு லாண்டி, ஆயிரத்து எறநூறு வருசமா நிக்குது. நான் அடைச்ச பல்லு ஏழு வருசம் தாங்கினாலே பெருசு" என்று என்னிடம் சொல்வார். சுனைக்கு வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். காதில் கோளாறு, தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கரையில் உட்கார்ந்து எங்கள் துணிக்குக் காவல் இருப்பார். நாங்களும் நம்பினோம்.

போன மார்ச்சில் சாக்முல் என்ற கிராமத்துக்குப் போனோம். அங்கே சிக்ஸ்தோ என்று ஒரு தேனீக்காரர்; மரியாதையாகத் தோன் சிக்ஸ்தோ என்பார்கள். வலது கன்னம் ஆரஞ்சுப் பழம் மாதிரி வீங்கியிருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்றவர், நாற்காலி நெருங்கியதும் பின்னால் நின்றவருக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, வயிற்று வலி என்று நழுவினார். இப்படி மூன்று தடவை.

அவர் மனைவி ஃபிதேலியா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி திட்டினார். "நூறு தேனீ கொட்டினாலும் அசையாத மனுசன், ஒத்த ஊசிக்கு இப்பிடி ஓடறியே. வெக்கமா இல்ல?"

"தேனீ சொல்லிட்டுக் கொட்டாது. இவரு ஊசியக் கையில வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே வர்றாரு. அதப் பாத்துத்தான் ஓடறேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் டாக்டர் இதையேதான் சொல்வார்: "கொஞ்சம் அழுத்தற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மூக்கால மூச்சு விடுங்க. நான் இங்கதானே இருக்கேன்."

மறுநாள் காலையில் சிக்ஸ்தோ ஒரு தேன் பாட்டிலோடு வேன் பக்கத்தில் வந்து நின்றார். "பல்ல விடுங்க டாக்டர். என் காட்டுல ஒரு கல்மேடு இருக்கு, வந்து பாருங்க" என்றார். வீக்கத்தைப் பார்த்து டாக்டர் முகம் சுளித்தாலும், கல்மேடு என்றதும் அவர் கால் நிற்கவில்லை.

தேன்பெட்டிகளைத் தாண்டிப் போனால் மரங்களுக்கு நடுவில் பதினொரு படிகள் வெளியே தெரிந்தன. மேலே ஒரு மூலையில் மழைச்சாமியின் கல்முகம். மூக்கு பாதி உடைந்திருந்தது. டாக்டர் அதற்கு நேராகப் படுத்தே விட்டார். "முன்பல்லு ரெண்டையும் எவ்வளவு அழகாச் செதுக்கியிருக்கான்" என்று அரைமணி நேரம் அங்கேயே கிடந்தார்.

மேட்டுக்குப் பின்னால்தான் சுனை. தரையில் வட்டமாக ஒரு வாய், உள்ளே இறங்க மர ஏணி, அடியில் நீலமாகத் தண்ணீர். எர்மிலோ மேலிருந்தே குதித்தான். நானும் இறங்கிக் குளித்துவிட்டு ஏறி வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் வழக்கம்போலக் கல்லில் உட்கார்ந்திருந்தார். சிக்ஸ்தோ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க எறங்கலயா?"

"காது சரியில்ல."

"எந்தக் காது?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்."

"நேத்து நானும் வயித்து வலின்னுதான் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்" என்றார் சிக்ஸ்தோ.

டாக்டர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார். "நீச்சல் தெரியாது தோன் சிக்ஸ்தோ. சின்ன வயசுல யாரும் சொல்லிக் குடுக்கல. அப்புறம் கேக்கறதுக்கு வெக்கமாப் போச்சு."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அப்ப ஒண்ணு செய்வோம். நீங்க தண்ணியில எறங்குங்க, நான் வாயத் தொறக்கறேன்."

"இது என்ன பேரம்?"

"ரெண்டு பயந்தாங்கொள்ளிங்க பேசற பேரம்."

சிக்ஸ்தோ கொடுத்த அரைக்கால் சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு டாக்டர் ஏணியில் கால் வைத்தார். நாலாவது படியில் நின்றுவிட்டார். முன்னாலேயே இறங்கித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த சிக்ஸ்தோ குரல் கொடுத்தார். "கொஞ்சம் குளுர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மூக்கால மூச்சு விடுங்க. நான் இங்கதானே இருக்கேன்."

எர்மிலோ சிரித்த சிரிப்பில் தண்ணீரைக் குடித்துவிட்டான். டாக்டரும் சிரித்தார், ஆனால் ஏணியை விடவில்லை. ஒருவழியாகக் கழுத்தளவு இறங்கினார். காலுக்குத் தரை எட்டவில்லை என்றதும் பதறிப்போய் கைக்குக் கிடைத்ததைப் பற்றினார். கிடைத்தது சிக்ஸ்தோவின் வீங்கிய கன்னம். அவர் போட்ட அலறலில் பாறை இடுக்கிலிருந்த குருவிகளெல்லாம் பறந்தன.

நான் ஏணியை நோக்கி ஓடினேன். எட்டிப் பார்த்தால் டாக்டர் முகத்தில் பயமே இல்லை. மருத்துவமனையில் பார்க்கிற முகம்.

"இது இவ்வளவு சுடுதே. எத்தன நாளாக் காய்ச்சல்?"

"மூணு நாளு."

"வெளிச்சத்துக்கு வாங்க. வாயத் தொறங்க."

ஒரு கையால் சிக்ஸ்தோவின் தோளைப் பிடித்து, மேலிருந்து வெயில் விழுந்த இடத்துக்கு அவரைத் திருப்பி, உள்ளே உற்றுப் பார்த்தார். தண்ணீருக்கடியில் அவர் கால்கள் தாமாகவே மெல்ல அசைந்துகொண்டிருந்தன. "கடைவாய்ப் பல்லு. இன்னிக்கே எடுத்தாகணும். விட்டா சீழ் கழுத்துக்கு எறங்கிடும்."

"டாக்டர், ஏணிய விட்டு எவ்வளவு தூரம் வந்துட்டீங்க தெரியுமா?" என்றான் எர்மிலோ.

"சும்மா இருப்பா. நோயாளியப் பாத்துக்கிட்டு இருக்கேன்ல."

நேராகச் சிக்ஸ்தோவின் வீட்டுக்குப் போனோம். ஃபிதேலியா சமையலறை நாற்காலியைத் தூக்கி வந்து வீட்டு மரத்தடியில் போட்டார். சிக்ஸ்தோ கண்ணை மூடி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். தலையில் தண்ணீர் சொட்ட, அதே அரைக்கால் சட்டையோடு டாக்டர் ஊசி போட்டார். இந்தத் தடவை ஒரு வார்த்தை பேசவில்லை. பல் வெளியே வந்தது சிக்ஸ்தோவுக்கே தெரியவில்லை. மத்தியானம் எங்களுக்குக் கறுப்பு மிளகாய்க் குழம்பில் வான்கோழிக்கறி. சிக்ஸ்தோவுக்கு மட்டும் ஆறிய சோளக்கஞ்சி. நாங்கள் தின்பதை அவர் பார்த்த பார்வையில் எனக்கு வாய்க்குள் போகவில்லை. எர்மிலோ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

திரும்பும் வழியில் டாக்டர் வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் செய்தார். "நெல்மி, இன்னிக்கு நான் சுனையில எறங்கினேன்." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, போனை என்னிடம் நீட்டினார்.

"லாண்டி, அவரு சொல்றது நெசமா?"

"நெசந்தாம்மா. கழுத்தளவு."

நெல்மி அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "கால நனைக்கவே பயப்படற மனுசன். தலையை நல்லாத் துவட்டச் சொல்லு. அடுத்த மாசம் நானும் வர்றேன்."