துண்டு போட்ட சீட்டு

போடியோடு தண்டவாளம் முடிந்துவிடும். வருகிற ரயில் இங்கேயே நின்று, சாவகாசமாகத் திரும்பி மதுரைக்குப் போகும். அடித்துப்பிடித்து ஏற வேண்டிய அவசியமே கிடையாது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ரயில் இல்லாமல் பல வருஷம் பஸ்சிலேயே போய்வந்த கூட்டம். இறங்குகிறவனை இறங்க விடாமல் வாசலை அடைக்கும், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும். இவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு நானும் துண்டு போட்டேன். மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். மறுநாள் மதுரையில் தையல் பிரிக்க வரச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு தூரம் அவளால் நின்றுகொண்டு வர முடியாது. அவளைப் பிளாட்பார பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, ஓரச் சீட்டில் துண்டை விரித்தேன்.

பிறகு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தால், வாசலில் சிலமலைக்காரர் ஒருவர் தக்காளிக் கூடையை வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றார். “ஒங்கள விட்டுட்டா ரயிலு போயிரப் போவுது அப்பு?” என்று நக்கல் வேறு. கூடையைக் காலால் தள்ளிவிட்டே ஏறினேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

உள்ளே என் துண்டின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். போடிமெட்டு ஜீப்பில் இறங்கி வந்தவள். விரலெல்லாம் ஏலக்காய்க் கறை, காலடியில் துணி மூட்டை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“எந்திரி! துண்டு கெடக்குறது கண்ணு தெரியலையா? மலையிலருந்து எறங்கி வந்து எங்க உசுர வாங்குறீங்க.”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவள் உடனே எழுந்துவிட்டாள். எதிர்ச் சீட்டு ஆளைக் கைகாட்டினாள்.

“இந்த அண்ணே துண்ட எடுத்து வீசப் பாத்தாரு. நீங்க போட்டத நான் பாத்தேன். அக்கா வயித்தப் பிடிச்சுக்கிட்டு பெஞ்சுல இருந்துச்சு. அதான் நீங்க வர்ற வரைக்கும் உக்காந்துக்கிட்டேன்.”

அதற்குள் மற்ற சீட்டெல்லாம் நிறைந்திருந்தது. அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவியிடம், “உக்காரு” என்றேன்.

“நீங்களே உக்காருங்க. நான் அந்தப் பிள்ளகூட நிக்கிறேன்.”

வயிற்றில் கையை வைத்தபடியே வாசலுக்குப் போனாள். கெஞ்சிப் பார்த்தேன், என் முகத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில் புறப்பட்டது. உட்கார எனக்கு முகமில்லை. வேறு யாரும் உட்காரவும் இல்லை. தேனி வரைக்கும் அந்தச் சீட்டில் என் துண்டுதான் உட்கார்ந்து வந்தது.